ஹிபாச்சி வெள்ளை சாஸ் வீட்டில் சரிவராதபோது

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில், அதாவது ஜார்ஜியா, இரண்டு கரோலைனாக்கள், டென்னஸி, அலபாமா பக்கம், ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸ் அல்லது ஹிபாச்சி என்று பெயர்ப்பலகை மாட்டிய, கண்முன்னே இரும்புக் கல்லில் சமைத்துத் தரும் கடைக்குப் போனால், ஃப்ரைட் ரைஸோடு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சாஸ் வரும். ஒரு கடைக்காரர் யம் யம் சாஸ் என்பார், அடுத்தவர் வெள்ளை சாஸ் என்பார், இன்னொருவர் இறால் சாஸ் அல்லது சகுரா சாஸ் என்பார். சரக்கு ஒன்றுதான். பிள்ளைகள் சாதத்தை விட்டுவிட்டு இதை மட்டும் வழித்துச் சாப்பிடுவார்கள். அப்புறம் வீட்டில் கேட்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய பொருட்கள் எல்லாம் அநேகமாக அலமாரியிலேயே இருக்கும். அப்படியும் பலருக்கு எண்ணெய் பிரிகிறது, இல்லாவிட்டால் பர்கர் கடை சாஸ் மாதிரி இருக்கிறது. உடனே வேறு செய்முறை தேடிப் போவார்கள். அது தேவையில்லை என்பது என் கட்சி. எந்தச் செய்முறையை எடுத்தாலும் பொருட்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கோளாறு பெரும்பாலும் சேர்க்கும் வரிசையிலும், சூட்டிலும், பொறுக்காமல் உடனே பரிமாறுவதிலும் இருக்கிறது. அதனால் உங்கள் கிண்ணத்தில் என்ன தெரிகிறது என்பதை வைத்துக் கீழே தேடுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை அளவு. மயோனைஸ் 1 கப் (240 மில்லி), தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன், பூண்டுப் பொடி முக்கால் டீஸ்பூன், பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி) அரை டீஸ்பூன், ரைஸ் வினிகர் 1 டீஸ்பூன், காரத்துக்கு ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். உப்பு கடைசியில், தேவைப்பட்டால் மட்டும்.

வரிசை இதுதான்: மயோனைஸை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். பூண்டுப் பொடியையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து 10 நிமிடம் ஊறவிடுங்கள். வெண்ணெயை உருக்கி, அடுப்பை அணைத்தபின் பாப்ரிகாவையும் மிளகாய்த்தூளையும் அதில் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். மயோனைஸில் வெண்ணெயை நூல் போல ஊற்றிக்கொண்டே விஸ்க்கால் அடியுங்கள். பிறகு தக்காளி பேஸ்ட், பூண்டுத் தண்ணீர், கடைசியாக வினிகர். மூடி ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவ்வளவுதான்.

எண்ணெய் மேலே மிதக்கிறது, அடியில் பால் திரிந்த மாதிரி இருக்கிறது

அதிகம் பேரைக் கைவிடச் செய்வது இதுதான், ஆனால் மீட்க முடியாத கோளாறு அல்ல. மயோனைஸ் என்பது மிகச்சிறிய எண்ணெய்த் துளிகள் கொஞ்சம் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கலவை. அமெரிக்க விதிப்படி மயோனைஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் எடைக்கணக்கில் குறைந்தது 65 சதவீதம் தாவர எண்ணெய் இருக்க வேண்டும். துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது முட்டை மஞ்சள் கரு. ஏற்கெனவே இவ்வளவு நெரிசலில் நிற்கிற எண்ணெயின் மேல் கொதிக்கக் கொதிக்க வெண்ணெயை ஒரே மூச்சில் கொட்டினால், மஞ்சள் கருவின் பிடி விட்டுப்போய் எண்ணெய் எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடும்.

வெண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டாம். விரல் நுனியை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், சுடக் கூடாது.

பிரிந்துபோனதை மீட்க: வேறொரு சுத்தமான கிண்ணத்தில் புது மயோனைஸ் 1 டேபிள்ஸ்பூனும் வெதுவெதுப்பான தண்ணீர் 1 டீஸ்பூனும் விட்டு அடியுங்கள். பிரிந்த சாஸை முதலில் ஒரு டீஸ்பூன் சேர்த்து நன்றாகக் கலந்தபின் அடுத்த டீஸ்பூன். பாதி ஏறியதும் கொஞ்சம் வேகமாக ஊற்றலாம். பழைய கிண்ணத்திலேயே வைத்து எவ்வளவு அடித்தாலும் கை வலிக்கும், சாஸ் சேராது. கையில் பிடித்து அடிக்கும் பிளெண்டர் இருந்தால், உயரமான டம்ளரில் அதே மயோனைஸை அடியில் வைத்து, மேலே பிரிந்த சாஸை ஊற்றி, பிளெண்டரை அடிமட்டத்திலிருந்து மெதுவாக மேலே தூக்கினால் அரை நிமிடத்தில் சேர்ந்துவிடும்.

மைக்ரோவேவில் 10 விநாடி வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓரம் மட்டும் சுட்டு, இன்னும் பிரியும்.

செய்தபோது வழவழப்பு, மறுநாள் வெள்ளைத் துகள்கள்

இது திரிந்ததில்லை, வெண்ணெய் உறைந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து நேரே எடுத்த மயோனைஸில் வெண்ணெயை ஊற்றினால், கலப்பதற்கு முன்பே அது குருணை குருணையாகக் கட்டிவிடும். சில நேரம் அன்றே தெரியும், சில நேரம் மறுநாள்தான் தெரியும். வெண்ணெய்க் கொழுப்பு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸில் முழுதாக இளகிவிடும் என்பதால் வழி சுலபம். குழாயில் வரும் வெந்நீரை ஓர் அகலப் பாத்திரத்தில் பிடித்து, சாஸ் கிண்ணத்தை அதில் சில நிமிடம் நிறுத்தி, துகள் மறையும்வரை கிளறுங்கள். பிறகு மறுபடி ஃப்ரிட்ஜ்.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. வெண்ணெய் தீர்ந்துபோயிருக்கும், நெய் இருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நெய்யை விடுவார்கள். நெய் குளிரில் மணல்மணலாக உறைவது அதன் குணம், நல்ல நெய்யின் அடையாளமே அதுதான். சாதத்தில் பிசைய அருமை. இந்த சாஸில் நறநறக்கும், வாசனையும் மற்ற எதையும் எழவிடாது. வெண்ணெய் இல்லாத நாளில் வெண்ணெய் இல்லாமலே செய்துவிடுவது மேல்.

நாக்கில் நறநறவென்று இருக்கிறது

சர்க்கரை கரையவில்லை, அல்லது பொடிகள் ஊறவில்லை. மயோனைஸில் எண்ணெய்தான் அதிகம் என்பதால் சர்க்கரையை அதில் நேராகப் போட்டால் கரைய இடமே இல்லை. முதலில் தண்ணீரில் கரைக்கச் சொன்னது அதற்குத்தான். ஏற்கெனவே கலந்துவிட்டீர்கள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், ஓர் இரவு விடுங்கள். அநேகமாகக் காலையில் போயிருக்கும்.

பச்சைப் பூண்டு நெடி மூக்கில் ஏறுகிறது

பச்சைப் பூண்டைத் தட்டிப் போட்டிருப்பீர்கள். ஜப்பானிய ஸ்டேக்ஹவுஸ் என்றதும் எல்லாம் புதிதாக, கையால் அரைத்ததாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இந்த சாஸ் அப்படியல்ல. இது டப்பாப் பொடியின் சாஸ். பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அல்லிசின் என்கிற காரப் பொருளை உண்டாக்குகிறது. ரசத்திலும் குழம்பிலும் கொதியில் அது அடங்கிவிடும். இங்கே அடுப்பே கிடையாது. அதனால் ஒரு பல் போட்டாலும் நேரம் போகப் போக நெடி தூக்கலாகத் தெரியும்.

பச்சைப் பூண்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், அதை வெண்ணெயில் சிறுதீயில் பொன்னிறத்துக்கு முன்பே இறக்கி, வடிகட்டி, வெண்ணெயை மட்டும் சேர்க்கலாம். வாசனை கடையுடையதைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு சாஸ்.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும்: பொடிதான் போட்டேன், பூண்டு தெரியவே இல்லை. இதற்குக் காரணம் வினிகர். பூண்டுப் பொடியிலும் அந்த நொதி உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெறும் தண்ணீர் பட்டால் எழுந்து வேலை செய்யும், புளிப்பு பட்டால் முடங்கிவிடும். பொடியை நேரடியாக மயோனைஸிலோ வினிகரிலோ போட்டால் அது எழவே வாய்ப்பில்லை. முதலில் 10 நிமிடம் தண்ணீர், அப்புறம் புளிப்பு. இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் அதே முக்கால் டீஸ்பூன் பொடியில் கடைவாசனை வந்துவிடும்.

பொடி எவ்வளவு பழசு என்றும் பாருங்கள். டப்பாவுக்குள் பாறையாகக் கட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, வேலை எப்போதோ முடிந்திருக்கிறது. புதிது வாங்குங்கள்.

மயோனைஸும் கெச்சப்பும் கலந்த மாதிரிதான் இருக்கிறது

இதுதான் மிகப் பொதுவான குறை. நியாயமான குறையும்கூட, ஏனென்றால் பாதிச் செய்முறைகள் உண்மையிலேயே அவ்வளவுதான். இங்கே பார்க்க வேண்டியவை சில.

தக்காளி மிஞ்சியிருக்கலாம். இந்த சாஸில் தக்காளி நிறத்துக்கும் அடிச்சுவைக்கும்தான். தக்காளி என்று நாக்கு கண்டுபிடிக்கக் கூடாது. கெச்சப்பில் வினிகர், சர்க்கரை, கிராம்பு மாதிரியான மசாலா வாசனை எல்லாம் ஏற்கெனவே இருக்கும். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் போனால் அதன் குரல்தான் கேட்கும். தக்காளி பேஸ்ட் இவ்வளவு வாயாடியதில்லை. மிஞ்சிப்போயிருந்தால் கரண்டியால் எடுக்க முடியாது; இன்னொரு அரை கப் மயோனைஸும் ஒன்றரை டேபிள்ஸ்பூன் தண்ணீரும் சேர்த்து விரவுவதுதான் வழி.

வெண்ணெயை விட்டிருக்கலாம். கொலஸ்டிரால் கணக்குப் பார்த்து விடுகிறவர்கள் நிறையப் பேர். 1 கப் மயோனைஸை எடுத்துக்கொண்டபின் அந்த ஒரு டேபிள்ஸ்பூனில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? இந்த சாஸை பர்கர் சாஸிலிருந்து பிரித்துக் காட்டுவது வெண்ணெயும் பூண்டும்தான். கடையில் அந்த இரும்புக் கல்லின் மேல் எல்லாமே பூண்டு வெண்ணெயில்தான் புரள்கிறது. சாஸ் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

உடனே ருசி பார்த்திருக்கலாம். கலந்தவுடன் எல்லாம் தனித்தனியாகத்தான் இருக்கும்: முதலில் மயோனைஸ், பிறகு இனிப்பு, பின்னால் பொடி. ஓர் இரவு போனால் பொடிகள் ஊறி, புளிப்பு அடங்கி ஒன்றாகும். குறைந்தது 4 மணி நேரம். கலந்த சூட்டில் ருசி பார்த்து, இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டே போனவர்கள்தான் மறுநாள் சாஸைக் கொட்டுகிறார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்றால், அது பெரும்பாலும் அஜினோமோட்டோ. நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டாலே பதறுவார்கள். டோக்கியோவில் கிக்குனே இகேடா என்கிற வேதியியலாளர் 1908இல் கொம்பு என்கிற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த அதே சுவைதான் தக்காளியிலும் பழைய சீஸிலும் இயற்கையாக இருக்கிறது. ஒரு கப்புக்கு கால் டீஸ்பூனில் பாதி போதும், பூண்டுத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். ஜப்பானில் தயாராகும் கியூபி மயோனைஸில் அது ஏற்கெனவே உண்டு; அதைப் பயன்படுத்தினால் தனியாக வேண்டாம். ஆனால் கியூபி வெறும் மஞ்சள் கருவில் செய்தது, சுவை அழுத்தம் அதிகம். முழுக்க அதையே போட்டால் கடை சாஸ் வராது. பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக இருக்கும்.

ஜப்பானிய ருசியே வரவில்லை

வராது, வரவும் வேண்டாம். வாசாபி, மிசோ, சாகே என்று சேர்த்துப் பார்க்கிறவர்கள் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். மேசையோடு சேர்ந்த இரும்புக் கல்லில் வாடிக்கையாளர் கண்முன்னே இறைச்சி வாட்டுகிற டெப்பன்யாகி கடையை 1945இல் கோபே நகரில் ஆரம்பித்தது மிசோனோ என்கிற உணவகம். அதை அமெரிக்காவில் வேடிக்கையும் விருந்துமாக மாற்றியவர் ஹிரோஆகி ஆவோகி. 1964இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பெனிஹானாவைத் திறந்தார். அங்கே கல்லுக்குப் பக்கத்தில் வைக்கிற வழக்கமான சாஸ்கள் இரண்டு: இஞ்சி சாஸ், கடுகு சாஸ். வெள்ளை சாஸ் தென்கிழக்கு அமெரிக்காவில் பரவியது. ஜப்பானில் ஒரு டெப்பன்யாகி கடையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் சமையல்காரர் விழிப்பார். அங்கே உப்பு, பொரித்த பூண்டுச் சீவல், சோயா சாஸ், பொன்ஸு என்கிற எலுமிச்சைப் புளிப்பு சாஸ் இவற்றோடு காரியம் முடிந்துவிடும்.

ஆகவே வெள்ளை சாஸில் ஜப்பானைத் தேடாதீர்கள். ரைஸ் வினிகரின் மென்மையான புளிப்பு ஒன்றுதான் அந்தப் பக்கத்து வாசனை.

இனிப்பு தூக்கல்

புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள், மூன்றில் ஒன்று அகப்படும். முதலாவது, அது மயோனைஸே இல்லாமல் சாலட் டிரெஸ்ஸிங்காக இருக்கலாம். மிராக்கிள் விப் மாதிரியானவை அந்த வகை. எண்ணெய் குறைவு, சர்க்கரையும் மாவுச்சத்தும் கூடுதல். இரண்டாவது, ரைஸ் வினிகர் என்று வாங்கியது சுஷி சாதத்துக்கான சீசன்ட் வகையாக இருக்கலாம். அதில் சர்க்கரையும் உப்பும் சேர்த்தே வரும். மூன்றாவது, இந்தியாவில் கிடைக்கிற முட்டையில்லாத மயோனைஸ். பலவற்றில் முட்டைக்குப் பதில் பால் பொடியோ மாவுச்சத்தோ கெட்டித்தன்மை தருகிறது, சர்க்கரையும் தாராளம். அதை எடுத்தால் செய்முறையின் சர்க்கரையை முழுதாக விட்டுவிட்டு, வினிகரை ஒன்றரை டீஸ்பூனாக்கி, தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேருங்கள்.

அமெரிக்காவில் இருந்தால் சர்க்கரையே சேர்க்காத ட்யூக்ஸ் மயோனைஸ் இந்தத் தொல்லையை மொத்தமாகத் தீர்க்கும். தென் கரோலைனாவின் கிரீன்வில்லில் 1917இல் தோன்றிய பிராண்ட். இந்த சாஸ் புழங்கும் அதே மண். புளிப்பு சற்று எடுப்பாக இருக்கும், வினிகரைப் பாதியாகக் குறையுங்கள்.

ஏற்கெனவே இனிப்பு ஏறிப்போயிருந்தால் உப்பால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். கால் டீஸ்பூன் வினிகரும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. கடை வெள்ளை சாஸில் முட்டை உண்டு. காய்கறி மட்டும் கேட்டாலும் பக்கத்தில் இறாலும் கோழியும் புரண்ட அதே கல்லில்தான் வாட்டுவார்கள். வீட்டில் செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

உப்புக் கரிக்கிறது

பூண்டுப் பொடிக்குப் பதில் பூண்டு உப்பு டப்பாவை எடுத்திருக்கிறீர்கள். பெயரில் பூண்டு இருந்தாலும் உள்ளே பெரும்பகுதி உப்புதான். இல்லாவிட்டால் உப்பு சேர்த்த வெண்ணெய். மயோனைஸைக் கூட்டுவது தவிர வேறு மருந்து இல்லை.

நிறம் கடை மாதிரி இல்லை

வெளிர் ரோஜா, சற்றே ஆரஞ்சு சாயல். அதுதான் குறி. பாப்ரிகாவின் நிறம் எண்ணெயில்தான் கரையும். அதனால் வெதுவெதுப்பான வெண்ணெயில் போட்டால் சீராகப் பரவும், நேராக மயோனைஸில் தூவினால் புள்ளிபுள்ளியாக நிற்கும். அடுப்பு எரியும்போதே வெண்ணெயில் போட்டால் கருகிக் கசக்கும், நிறமும் செங்கல் மாதிரி ஆகிவிடும்.

பாப்ரிகா கிடைக்காத ஊரில் காஷ்மீரி மிளகாய்த்தூள் நன்றாகவே ஈடுகொடுக்கும், அளவைப் பாதியாக்குங்கள், தனி மிளகாய்த்தூளை விட்டுவிடுங்கள். குண்டூர் மிளகாய்த்தூள் வேண்டாம். ஸ்மோக்டு பாப்ரிகாவும் வேண்டாம். பார்பெக்யூ கடைக்குள் போன வாசனை வந்துவிடும்.

தண்ணியாக ஓடுகிறது, அல்லது களிம்பு மாதிரி நிற்கிறது

கரண்டியைத் தூக்கினால் பட்டை நாடாவாக இறங்க வேண்டும். கலந்த அன்று சற்றுத் தளர்வாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், குளிரில் வெண்ணெய் இறுகி சாஸ் கெட்டிப்படும். மறுநாளும் ஓடினால் ஒன்றிரண்டு ஸ்பூன் மயோனைஸ். லைட் மயோனைஸில் செய்திருந்தால் ஓடத்தான் செய்யும். அதில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரும் மாவுச்சத்தும்தான் இருக்கின்றன, மேலும் தண்ணீர் விட்டால் என்ன ஆகும்?

கெட்டியாக இருந்தால் பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே வைத்துப் பாருங்கள். அப்போதும் இளகவில்லை என்றால் தண்ணீர், ஒரு முறைக்கு ஒரு டீஸ்பூன். பால் விடாதீர்கள், சுவை மங்கிவிடும்.

இஞ்சி சாஸ் கசக்கிறது, திப்பியாக இருக்கிறது, மேலே நுரை நிற்கிறது

வெள்ளை சாஸோடு, மேலே சொன்ன இஞ்சி சாஸையும் கடுகு சாஸையும் செய்து பார்க்கிறவர்களும் உண்டு. இஞ்சி சாஸுக்கான வெங்காயம், இஞ்சி, சோயா சாஸ், வினிகர், எலுமிச்சை எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரே ஓட்டமாக ஓட்டினால் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். பச்சை வெங்காயத்தை நெடுநேரம் அரைத்தால் கசக்கும் என்பது சட்னி அரைத்தவர்களுக்குத் தெரியும். விட்டுவிட்டு நாலைந்து சுற்று போதும். இஞ்சியை நாருக்குக் குறுக்கே மெல்லிய வட்டங்களாக நறுக்கிப் போட்டால் திப்பி நிற்காது. எலுமிச்சையைப் பிழிந்து சாறு மட்டும். தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் தனிக் கசப்பு. நுரை அரை மணி நேரத்தில் தானே அடங்கும்.

அடியில் வெங்காயமும் மேலே சோயாவுமாகப் பிரிந்து நிற்பது கோளாறே அல்ல. இதில் சேர்த்துப் பிடிக்க முட்டையோ எண்ணெயோ இல்லை. பரிமாறும்போது ஒரு கிளறு.

கருப்பாகவும் பிசுபிசுப்பாகவும் வந்தால் டார்க் சோயா சாஸைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நூடுல்ஸுக்கு நிறம் ஏற்ற இருக்கிற சரக்கு அது. சாதாரண ஜப்பானிய சோயா சாஸ் வாங்குங்கள். உப்பு கரித்தால் உப்பு குறைத்த வகை.

பூண்டும் சேர்த்து அரைத்திருந்து, ஓரிரு நாளில் அதன் துணுக்குகள் பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயந்து கொட்டிவிடாதீர்கள். பூண்டின் கந்தகப் பொருட்கள் புளிப்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. தீங்கில்லை.

கடுகு சாஸில் கடுகுக் காரமே இல்லை, கசப்புதான் இருக்கிறது

கடுகுப் பொடியை வெந்நீரில் கரைத்திருப்பீர்கள். கடுகின் காரம் பொடிக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. தண்ணீர் பட்டபின் ஒரு நொதிதான் அதை உண்டாக்குகிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். குளிர்ந்த தண்ணீரில் குழைத்து 10 முதல் 15 நிமிடம் மூடி வையுங்கள். காரம் ஏறியதும் சோயா சாஸையோ வினிகரையோ சேர்த்தால் அது அந்த அளவிலேயே நிற்கும். பிறகு வறுத்து அரைத்த எள், கடைசியாக கெட்டி க்ரீம். தாளிக்கிற கடுகை வீட்டில் அரைத்துப் போட்டால் காரம் கடுமையாக இருக்கும், கருந்தோலால் நிறமும் புழுதி மாதிரி வரும். மஞ்சள் கடுகுப் பொடியே மேல்.

க்ரீம் திரிந்தால் அது கொழுப்பு குறைந்த வகையாக இருக்கும். கொழுப்பு 36 சதவீதம் உள்ள ஹெவி க்ரீம் இந்த அளவு புளிப்பைத் தாங்கிக்கொள்ளும், பாலும் க்ரீமும் பாதிக்குப் பாதி கலந்த ஹாஃப் அண்ட் ஹாஃப் தாங்காது. இஞ்சியைப் பச்சையாக இந்த சாஸில் சேர்க்காதீர்கள். பச்சை இஞ்சிச் சாறு பாலை உறையவைக்கும்.

இரண்டு நாளில் மேலே தண்ணீர் நிற்கிறது, வாசனை மாறியிருக்கிறது

தண்ணீர் மட்டும் என்றால் ஒரு முறை அடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். வாசனை மாறினால் கேள்வியே இல்லை, கொட்டுங்கள். மயோனைஸ் புட்டியில் போட்டிருக்கும் தேதி வெள்ளை சாஸுக்குச் செல்லாது. புட்டிக்குள் அதைக் காப்பாற்றி வந்தது புளிப்பு. நீங்கள் தண்ணீரும் வெண்ணெயும் விட்டு அந்தப் புளிப்பைத் தளர்த்திவிட்டீர்கள். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மூடி வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம்; சென்னை வெயிலில் அதுகூட அதிகம். சாப்பாட்டில் தொட்ட கரண்டியைப் புட்டிக்குள் விடாதீர்கள், சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மயோனைஸையும் வீட்டிலேயே அடிக்கிறவர்களுக்குக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. பச்சை முட்டை மயோனைஸால் உண்டாகும் உணவு நச்சைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை, சால்மனெல்லா கிருமிக்கு வீடு, கடை என்ற வித்தியாசம் இல்லை. பாஸ்சரைஸ் செய்த முட்டை கிடைத்தால் அதில் அடியுங்கள், கிடைக்காவிட்டால் கடைப் புட்டியே போதும். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயில் மட்டும் அடிக்க வேண்டாம். மிக்ஸியின் வேகத்தில் அது கசந்துவிடும், வெள்ளை சாஸ் கடைசிவரை அந்தக் கசப்போடுதான் இருக்கும்.

மிச்சத்தை ஃப்ரீஸரில் வைத்து அடுத்த மாதம் எடுக்கலாமா என்றால், கூடாது. உறையும்போது எண்ணெயைத் தாங்கி நின்ற அமைப்பு உடைந்து, இளகியதும் எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கும். மேலே முதலில் சொன்ன மீட்பு வழி இதற்கு உதவினாலும் பழைய வழவழப்பு வராது. ஒரு கப் அளவு ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்கும். கூட்டம் அதிகமாக வந்தால் மட்டும் இரட்டிப்பாக்குங்கள்.